அட்ரஸ் மட்டும் நிஜம்

இன்று காலை கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் பெங்களூரு ரயில் ஏறியதும் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் கம்பெனியின் கிரிப்டோ ஆப்பைச் சோதிக்க டம்மி வாலட் அட்ரஸ்கள், அதாவது கிரிப்டோ பணம் போடும் கணக்கு எண் போன்றவை, உருவாக்க வேண்டியிருந்தது.

பக்கத்தில் எங்கள் சர்ச் அக்கா ஒருவர். பெயர் வேண்டாம்.

"இன்னாப்பா இது, எழுத்தும் நம்பருமா கீது?"

"டம்மி அட்ரஸ்க்கா. பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். பின்னாடி ஆளே கிடையாது."

அக்கா தன் போனை நீட்டினார். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஆன்லைனில் பேசியவன், பணம் போடச் சொல்லிக் கொடுத்த அட்ரஸ். போட்ட பிறகு அவன் பேசவே இல்லையாம்.

"இதுவும் டம்மியா, பாரேன்."

யாரும் பார்க்கக்கூடிய கிரிப்டோ பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். யார் யாரோ போட்ட பணம் வந்ததும், உடனே வெளியே போனதும் வரிசையாகத் தெரிந்தது.

"நிஜ அட்ரஸ்தான்க்கா. நிறைய பேர் போட்டிருக்காங்க. போலீஸ்ல சொல்லிடுங்க."

"நிறைய பேரா?" என்றார். "அப்போ நான் மட்டும் இல்ல."

போனைப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மீதி அட்ரஸ்களை உருவாக்கி முடித்தேன்.

சாயங்காலம் திரும்பும் ரயிலிலும் அக்கா வருவார். என்ன பேசலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'கவலைப்படாதீங்க' தவிர.