ஏழடி வண்டியும் எட்டுக் குதிரைகளும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் மடியில் கீரைக்கட்டோடு ஓர் அம்மா. போன் அடித்தது. என் கணவர் முரளி. பஸ் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஏழடி பாடி போதுங்க... ஒன்பதடி பாடிய நம்ம சந்துக்குள்ள எப்படித் திருப்புறது? சுவத்துல இடிக்கும்... வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா இருக்கட்டுமே, சிவப்புத் துணி கட்டிக்கலாம்!”

நான் போனை வைத்ததும் கீரைக்கட்டு அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா... வீட்டுல பெரியவங்களா?”

“இல்லைங்கம்மா, புதுசு. இன்னும் வாங்கவே இல்லை.”

அவ்வளவுதான். கீரையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தவர், காவிரிப் பாலம் தாண்டியும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி என்னைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாகவே வந்தார். பிக்கப் வண்டியின் பின்பக்கம் சாமான் ஏற்றுகிற தொட்டிக்கு ஷோரூமில் ‘பாடி’ என்று பெயர், நாங்கள் அதன் நீளத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் வாயைத் திறந்தாலே அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார் போலிருந்தது.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்க்கிற எனக்குப் பிக்கப் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் முரளி.

அவர் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். இருபத்தேழு வருடங்களாகப் பிள்ளைகளுக்கு இரும்பை வெட்டவும் ராவவும் ஒட்டவும் கற்றுத்தருகிறவர். இரண்டு வருடம் முன்பு உப்பிலியபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்கு எதிரில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், “ராட்டினம் ஏறியிருக்கீங்களா?” என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். “டிவியில பாத்திருக்கோம் சார்” என்றது ஒரு குட்டிப் பெண். அன்று திரும்பி வரும்போது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் முரளி எதையோ கிறுக்கிக்கொண்டே வந்தார். மறுநாள் எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரின் பின்பக்கமெல்லாம் ராட்டினம் வரைந்திருந்தார். வரப்போகிற தேதிகளின் பின்பக்கமும் சேர்த்து!

ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. அரியமங்கலத்தில் ஆரோக்கியமேரி என்பவரின் வெல்டிங் பட்டறையில் குடை ராட்டினம் தயாரானது. நடுவில் ஒரு தூண், அதிலிருந்து குடைக்கம்பி மாதிரி விரிகிற எட்டு இரும்புக் கைகள், ஒவ்வொரு கையிலும் தொங்குகிற ஒரு குதிரை. தூணும் அடித்தட்டும் மோட்டாரும் இரண்டு சக்கர ட்ரெய்லரில் ஏறிக்கொள்ளும். குதிரைகளும் கைகளும் அந்த ட்ரெய்லரை இழுக்கிற வண்டியில் போக வேண்டும். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவது என்று திட்டம்.

நல்ல திட்டம். வண்டிதான் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. முரளிக்குக் கார் ஓட்ட வராது. க்ளட்ச்சைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பார், மிதிக்கச் சொன்னால் வியர்க்கும். எங்கள் வீட்டில் டிரைவர் நான்தான். பழைய கார் போன பிறகு வாங்கப்போகும் ஒரே வண்டி இது. வாரத்தில் ஆறு நாள் நான் ஆபீசுக்கு ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குதிரைகள். மலைக்கோட்டைப் பக்கம் கடைக்குப் போனாலும் இதில்தான், ஸ்ரீரங்கத்துச் சந்தில் நிறுத்துவதும் இதைத்தான். எனக்குச் சின்ன வண்டி வேண்டும்.

ஆனால் ராட்டினத்தின் ஒவ்வொரு கையும் ஒன்பதடி! ஏழடி பாடியில் மீதி இரண்டடி வெளியே நீட்டும், திருப்பத்தில் பின்னால் வருகிற ட்ரெய்லரில் இடிக்கும் என்றார் முரளி.

“ஒன்பதடி பாடி எடுங்க சார்” என்றார் ஷோரூம் இளைஞர். “வண்டி நீளமா இருந்தா ட்ரெய்லர் இழுக்கும்போது ஆடாது. குட்டை வண்டின்னா ட்ரெய்லர்தான் வண்டிய ஆட்டும்.”

முரளி என்னைப் பெருமையோடு பார்த்தார். நான் அந்த இளைஞரைக் கேட்டேன். “தம்பி, இதை எங்க சந்துல திருப்ப நீங்க தினமும் வருவீங்களா?”

கைகளை வண்டிக் கூரையில் கட்டலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கையையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். “உன் தலைக்கு மேல எட்டு இரும்பா? வேணாம் வசந்தி” என்றார் முரளி. அந்த அக்கறையில் கொஞ்சம் உருகித்தான் போனேன். ஆனால் ஏழடியிலிருந்து இறங்கவில்லை.

பந்தயம் கட்டாத குறைதான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொடிக்கயிற்றை அவிழ்த்தோம். ஒன்பதடி பாடி உள்ள வண்டியின் மொத்த நீள அகலத்துக்கு அதை நீள்சதுரமாக முடிந்தோம். மூலைக்கு ஓர் ஆள். முன் வலது சக்கரம் நான், ஸ்டீயரிங் என் பக்கம் அல்லவா! முன் இடது முரளி. பின் இடது சக்கரம், அடுத்த வீட்டு ரங்கநாயகி மாமி; பின் வலது, அவர் கணவர் சம்பத் மாமா. இருவரும் கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

“ஏன்டா முரளி, எனக்கு பிரேக் உண்டோ?” என்றார் மாமி.

“நாலு சக்கரத்துக்கும் உண்டு மாமி.”

“அப்போ சரி. மூட்டு வலிச்சா போட்டுடுவேன்.”

கயிறு தொய்யாமல் நால்வரும் நடந்தோம். முன்சக்கரங்கள் போகிற இடத்துக்குப் பின்சக்கரங்கள் போகாது, வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்று முரளி ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தார். எதிரே வந்த பூக்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டார்.

“இன்னிக்கு என்ன புறப்பாடுங்க?”

“பிக்கப் வண்டி” என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

சந்து முனையில் திரும்பினோம். நானும் முரளியும் சுலபமாக வளைந்துவிட்டோம். “ஐயோ, பெருமாளே!” என்று பின்னாலிருந்து குரல். மாமியின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கரண்ட் கம்பம், நடுவில் மாமி. ரிவர்ஸ் எடுத்தோம். மறுபடி திரும்பினோம். இந்த முறை மாமா கம்பத்தில் மாட்டிக்கொண்டார். மூன்றாவது முறை, எதிரே தெரிந்தவர் ஒருவர் வந்துவிட, வலது பின்சக்கரம் கயிற்றை விட்டுவிட்டு அவரோடு பேசப் போய்விட்டது. “வண்டி பஞ்சர்” என்று மாமி அறிவிக்க, நான் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

கயிற்றை ஏழடி வண்டிக்குச் சுருக்கினோம். ஒரே திருப்பு. மாமியின் புடவை சுவரில் உரசக்கூட இல்லை.

முரளி மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். “அப்போ ராட்டினம் பட்டறையிலயே இருக்க வேண்டியதுதான்.”

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் என்னைக் குத்தியது. வையம்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, ஆண்டு விழாவுக்கு ராட்டினம் வேண்டும் என்று முதல் ஆளாகக் கேட்டிருந்தார். முரளியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒன்பதடிக்கே சரி என்று சொல்லிவிடலாமா? தினமும் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வரலாமே? அன்று மத்தியானம் சாப்பிடும்போதே அந்த முடிவுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேருமாக அரியமங்கலம் போனோம். ஆரோக்கியமேரிக்கு நாற்பது வயதிருக்கும். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த நல்ல புடவையோடு பட்டறை வாசலில் நின்று எங்கள் கதையை முழுக்கக் கேட்டார். கயிறு, மாமி, பஞ்சர் எல்லாவற்றையும். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“ஏன் சார், கைய ரெண்டா வெட்டிட்டா என்ன?”

மூவரும் அந்த எட்டு இரும்புக் கைகளைத் திரும்பிப் பார்த்தோம்.

“இருபத்தேழு வருஷம்!” என்றேன் நான். இரும்பை வெட்டக் கற்றுத்தருகிற மனுஷரைப் பார்த்து.

“இல்ல வசந்தி, எனக்குத் தெரியாம இல்ல” என்றார் முரளி, கொஞ்சம் தடுமாறி. “தொங்கப்போறது குழந்தைங்க. ஒட்டுப் போட்ட இடம் விட்டுச்சுன்னா? அதான் ஒரே பைப்பா, ஒட்டில்லாம இருக்கணும்னு...”

“தெரியும் சார். வருஷம் பூரா அதைத்தானே சொன்னீங்க, அதான் நானும் வாய் திறக்கலை” என்றார் ஆரோக்கியமேரி. “ஒட்டெல்லாம் வேணாம். உள்ளுக்குள்ள கனமா இன்னொரு பைப்பை ரெண்டடிக்கு விடுறேன். ரெண்டு பக்கமும் போல்ட், மேல பின். நீங்களே உக்காந்து பாருங்க. உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா வேற கை அடிச்சித் தரேன்.”

நம்மில் எத்தனை பேர் இப்படி இருக்கிறோம், சொல்லுங்கள்? பீரோ நுழையவில்லை என்று வாசல் நிலையை இடித்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு சோபாவுக்காக வாடகை வீட்டையே மாற்றினார் என் சித்தப்பா. எதை மாற்றவே கூடாது என்று முதல் நாளே மனசுக்குள் முடிவு செய்துவிடுகிறோம். அப்புறம் உலகம் பூராவையும் டேப் வைத்து அளக்கிறோம்!

அடுத்த ஞாயிறு சோதனை. வெட்டி இணைத்த ஒவ்வொரு கையிலும் நாலு மணல் மூட்டை தொங்கியது. நாள் முழுக்கத் தொங்கியது. மணல் போதாது என்று முரளியே எட்டுக் குதிரையிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து குதித்தார். எட்டாவதிலிருந்து இறங்கியபோது அவர் முகம்... கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை.

ஏழடி பிக்கப் வந்தது. நீல நிறம்.

போன ஞாயிற்றுக்கிழமை வையம்பட்டி கிளம்பினோம். வண்டியில் நான்கரை அடித் துண்டுகளும் குதிரைகளும். பின்னால் ட்ரெய்லர். கனமானதெல்லாம் அதன் முன்பக்கம் இருக்கும்படி ஆரோக்கியமேரியே நின்று ஏற்றினார். “பின்னாடி கனம் போச்சுன்னா வாலாட்டும்க்கா. மெதுவாப் போங்க.” ஷோரூம் இளைஞர் சொன்னதும் பொய்யில்லை. பெரிய லாரி ஒன்று உரசுவது போல் தாண்டிப் போனபோது ட்ரெய்லர் லேசாக அசைந்து வண்டியையும் அசைத்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அடங்கிவிட்டது. மணப்பாறை தாண்டும்வரை முரளி பின்னால் திரும்பிப் பார்த்தபடியே வந்ததில் அவர் கழுத்து பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கூட வாசலில்தான் எனக்குச் சோதனை. கேட்டுக்குள் ரிவர்ஸில் நுழைந்தால்தான் ட்ரெய்லரை மைதானத்தில் சரியான இடத்தில் நிறுத்த முடியும். நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் ட்ரெய்லர் இடப்பக்கம் போகிறது. இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம். மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை அது மடங்கிக்கொண்டு என்னையே எட்டிப் பார்த்தது. காம்பவுண்டுச் சுவர் நெடுக ஒதுங்கி நின்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். “ரைட்டு... ரைட்டு... ரைட்டு!”

தலைமையாசிரியை ஓடி வந்தார். “டேய், எல்லாரும் ரைட்டுன்னா அவங்க எந்தப் பக்கம்டா போவாங்க?”

வியர்த்துக் கொட்டியது. ஆரோக்கியமேரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அக்கா, ஸ்டீயரிங்கோட மேல்பக்கத்துல கை வெச்சிருக்கீங்களா?”

“ஆமா.”

“எடுத்துட்டு அடிப்பக்கத்துல வைங்க. ஒரு கை போதும். இப்ப ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகத்துங்க. கொஞ்சூண்டு.”

வைத்தேன். நகர்த்தினேன். ட்ரெய்லர் யோசித்தது... பிறகு சொன்னபடி கேட்டது! கேட்டின் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, மெல்ல மெல்ல, நேராக உள்ளே போனது. கைதட்டல் சத்தத்தில் போனில் ஆரோக்கியமேரி சொன்னது எதுவும் கேட்கவில்லை. பத்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். எனக்காக யாரும் கைதட்டியதில்லை.

ஒரு மணி நேரத்தில் ராட்டினம் விரிந்தது. முதல் எட்டுப் பேர் ஏறினார்கள். முரளி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அதிலிருந்து கையை எடுக்காமல், சுற்றி வருகிற ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் சுற்று முடியும்வரை அவர் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஓட்டில் இருந்த காகமெல்லாம் பறந்தது. இரண்டாவது சுற்றில் ஒரு பையன் இரண்டு கையையும் விரித்து, “சார், இன்னும் வேகமா!” என்று கத்தினான். அப்போதுதான் முரளி என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. கழுத்து வலிதான் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு தலைமையாசிரியை தயங்கித் தயங்கி வந்தார். “சார்... பெரியவங்க ஏறலாமா?”

“நாலு மணல் மூட்டை தாங்கும் மேடம்” என்றார் முரளி.

பதில் சரியில்லைதான். ஆனாலும் ஏழு டீச்சர்களும் ஏறினார்கள். எட்டாவது குதிரை எனக்கு.

திங்கட்கிழமை காலை, தலைசுற்றல் இன்னும் தீராமலே, ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே என் நீல பிக்கப்பை ஒரே முயற்சியில் நுழைத்தேன். புதிதாக வந்திருக்கும் வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

“ஏம்மா, லோடு வண்டியெல்லாம் பின்பக்கம் போகணும். லோடு இறக்கிட்டு உடனே எடுங்க!”

நான் கதவைத் திறந்து குதித்தேன், ஹேண்ட்பேகை மாட்டிக்கொண்டேன்.

“இறக்கியாச்சுங்க. நான்தான் லோடு!”