அடாப்டர் மாட்டியிருக்கு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நம்மவர்கள் யார் ஊரிலிருந்து புதிதாக வந்தாலும், முதல் வாரத்திலேயே டீச்சர் வீட்டு அழைப்புமணியை அடித்துவிடுவார்கள். கையில் ஒரு சார்ஜரோ, ட்ரிம்மரோ, முடி உலர்த்தும் மெஷினோ இருக்கும். டீச்சர் அதைக் குப்புறத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எறும்பு ஊர்ந்தது போலிருக்கும் பொடி எழுத்தைப் படிப்பாள்.

"நூறுலேர்ந்து இருநூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கா? அப்ப பயமில்ல. பின்னை மட்டும் மாத்துங்க, எந்த ஊர்லயும் ஓடும். ஒரே ஒரு நம்பர் போட்டிருந்தாத்தான் வம்பு. அந்த நம்பரும் இந்த ஊர் கரண்டும் ஒண்ணாயிருக்கான்னு பாக்காம கை வைக்காதீங்க."

வந்தவர்கள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். கூடத்து நாற்காலியில் இருந்து கணவர் கத்துவார்: "வோல்டேஜ் டீச்சர், எனக்கும் பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு பாரேன்!"

"உங்களுக்கு எழுத்தே அழிஞ்சு போச்சு" என்பாள். அவரும் சிரிப்பார். ஒரு கப்பல் கம்பெனியில் சரக்குக் காகிதம் பார்க்கிற வேலை அவருக்கு. கோபமே வராத மனிதர் என்று அந்த வட்டாரத்தில் பெயர்.

டீச்சர் சும்மா ஒன்றும் இந்தப் படிப்பைப் படித்துவிடவில்லை. முதன்முதலில் வெளிநாடு போனபோது ஊரிலிருந்து கொண்டுபோன முடி உலர்த்தியைச் செருகினாள். அங்கே பாதிக் கரண்ட், அது பெருமூச்சு விட்டதோடு சரி. நான்கு வருடம் கழித்துக் கணவரின் கம்பெனி அவரை இந்த நாட்டுக்கு மாற்றியது. இங்கே கரண்ட் இரண்டு மடங்கு. அங்கே வாங்கிய எதை மாட்டினாலும் வெந்துவிடும் என்று தெரிந்தவுடன் அவள் முதலில் நினைத்தது ஒன்றைத்தான். அங்கே வாங்கிய கீபோர்டை.

அது வெறும் கீபோர்டு இல்லை. மழலையர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது டீச்சரின் தொழில். இந்த நாட்டில் ஒரு பள்ளி அவளைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை சொல்ல ஒரு பாட்டு, கை கழுவ ஒரு பாட்டு, வரிசையில் நிற்க ஒரு பாட்டு என்று பதினொரு பாட்டுகளுக்குத் தானே மெட்டுப்போட்டு, தாளமும் பின்னணியும் சேர்த்து அந்தக் கீபோர்டின் நினைவிலேயே பதிந்து வைத்திருந்தாள். பொத்தானை அமுக்கினால் போதும், அது வாசிக்கும். இவள் பிள்ளைகளோடு குதித்துக்கொண்டு பாடுவாள். பள்ளிக்குத் தூக்கிப்போகும் நாளில் அது பாட்டரியில் ஓடும்; பாட்டரியை மிச்சம் பிடிக்க வீட்டில் கரண்ட்.

அதற்காகவே ஒரு பெட்டி வாங்கினார்கள். கரண்டைப் பாதியாகக் குறைத்துத் தருகிற பெட்டி, ஏழு கிலோ. ஸ்டெப்-டவுன் என்று கடைக்காரன் சொன்னான். வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. "அடாப்டர்" என்றார் கணவர். அதுவே நிலைத்துவிட்டது. ஏற்கெனவே லேப்டாப் சார்ஜரும் அடாப்டர், பின் மாற்றுகிற வெள்ளைக் கட்டையும் அடாப்டர். இருந்தாலும் அந்த வீட்டில் டீச்சர் வாயிலிருந்து அடாப்டர் என்று வந்தால் அது பெட்டிதான். புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவரோரம் அது உட்கார்ந்திருந்தது. கீபோர்டின் கனத்த சார்ஜரில் 'நூற்றிருபது' என்று ஒரே நம்பர். அதன் மேல் ஒரு சீட்டை அவளே ஒட்டியிருந்தாள்: பெட்டி வழியா மட்டும்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பள்ளிக் கமிட்டி வந்து அவள் வகுப்பைப் பார்ப்பதாக ஏற்பாடு. பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். அதற்கு முந்தைய ஒன்பது நாளும் காய்ச்சலில் கிடந்தாள். கீபோர்டின் உறையைக்கூட எடுக்கவில்லை.

வியாழன் காலை ஏழரைக்கு எழுந்து குளித்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை எல்லாப் பாட்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நின்றாள். வழக்கம் போலச் சுவிட்சில் கை வைக்கும் முன் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, அடாப்டர் மாட்டியிருக்கா?"

குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் குழாயைத் திறந்து கத்தியைக் கழுவினார்.

"மாட்டியிருக்கு, மாட்டியிருக்கு."

சுவிட்சைப் போட்டாள். கீபோர்டின் விளக்குகள் அவள் என்றுமே பார்த்திராத பிரகாசத்தில் எரிந்தன. சார்ஜரிலிருந்து வண்டு முரல்வது போல ஒரு சத்தம். எட்டி அணைப்பதற்குள் பட்டென்று ஒரு வெடி, பிளாஸ்டிக் கருகும் நாற்றம். எல்லா விளக்கும் ஒரே அடியாகச் செத்தன.

அலமாரியைத் தோளால் தள்ளினாள். பின்னால் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி படியாத தரை மட்டும் இருந்தது. சுவர்ப் பிளக்கில் வெள்ளைக் கட்டை, அதில் சார்ஜர்.

கணவர் பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்தார். "என்னம்மா நாத்தம் அடிக்குது?"

"பெட்டி எங்க?"

"அது... தம்பி எடுத்துட்டுப் போனான் போல."

கொழுந்தன் போன மாதம்தான் இவர்களோடு தங்கியிருந்து தனி அறைக்கு மாறியிருந்தான். கண்ணில் படுவதற்கெல்லாம் ஆசைப்படுகிற பிள்ளை. டீச்சருக்கு அவன் மேல் ஆத்திரம் பொங்கியது. உடனே போனில் அவனைக் கூப்பிட்டாள்.

"என்னப்பா நீ, கேக்காம கொள்ளாமப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருக்கே?"

"ஐயோ அண்ணி, கேக்காம நான் ஏன் எடுக்கறேன்? என் ஃப்ரெண்டு அந்த ஊர் காபி மெஷினை வச்சிக்கிட்டு முழிச்சான். அண்ணன்தான் எடுத்துக்கோ, அவ காய்ச்சல்ல படுத்திருக்கா, எழுந்திருக்கறதுக்குள்ள கொண்டாந்துடுன்னாரு. அவன் பெட்டியோட வேற டவுனுக்கு மாறிட்டான். அதையும் திங்கக்கிழமையே அண்ணன்கிட்டச் சொல்லிட்டனே."

டீச்சர் போனைக் கீழே வைத்தாள். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாள். இந்த மூன்று நாளும் அவளுக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், "வியாழக்கிழமை ஜமாய்ச்சுடு" என்றார்.

"அப்ப இந்தக் கட்டையை மாட்டினது யாரு?"

"நான்தான்." நுரையைத் துண்டால் துடைத்தார். "அதுவும் அடாப்டர்தானேம்மா. ஒருவேளை ஓடினாலும் ஓடும்னு நெனச்சேன். சொன்னா நீ டென்ஷன் ஆவே. காய்ச்சல் வேற."

"நான் கேட்டேனே. இப்பத்தான் கேட்டேன். மாட்டியிருக்குன்னீங்க."

"பொய் சொல்லலையே! நீ அடாப்டர்னுதானே கேட்டே?"

அவள் குனிந்து சார்ஜரைப் பிடுங்கினாள். இன்னும் சுட்டது. அவள் ஒட்டியிருந்த சீட்டைக் காணவில்லை. அவசரத்தில் கிழித்த மாதிரியும் இல்லை. நகத்தால் ஒரு மூலையிலிருந்து மெல்லத் தூக்கி, பிசிர் இல்லாமல் உரித்திருந்தது.

"சீட்டு?"

"அது கட்டையில இடிச்சுது" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தச் சீட்டில் மூன்றே வார்த்தைதான் எழுதியிருந்தது. அதைப் படிக்காமல் உரித்திருக்க முடியாது.

பத்தரை மணிக்குக் கமிட்டியினர் மூன்று பேர் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பள்ளியில் வேறு கருவி கிடையாது. இன்னொரு நாள் தர முடியுமா என்று தலைமையாசிரியையிடம் டீச்சர் கேட்டுப் பார்த்தாள். இவர்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள், வெறும் குரலிலேயே பாடிக் காட்டுங்கள் என்றுவிட்டார் அந்த அம்மாள்.

பாடினாள். காய்ச்சல் விட்ட தொண்டை முதல் வரியிலேயே கரகரத்தது. அவள் பாடியதும் பிள்ளைகள் பாடின. வரி முடிந்ததும் நின்றன. அந்த இடத்தில் நாலு தட்டுத் தாளம் வரும், அதற்குப் பிறகுதான் அடுத்த வரி. மூன்று மாதமாக அப்படித்தான் பழக்கியிருந்தாள். தாளம் வரவில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்தபடியே காத்திருந்தன. அவள் கையைத் தட்டினாள், மேசையைத் தட்டினாள். பிள்ளைகள் கீபோர்டு வழக்கமாக நிற்கிற மூலையையே பார்த்தன. ஒரு பெண்குழந்தை எழுந்துபோய், காலியாக இருந்த அந்த இடத்தில் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பாட்டு இல்லையா மிஸ்?" என்று அந்த நாட்டு மொழியில் கேட்டது.

கமிட்டியில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கனிவாகத்தான் சொன்னார்: "அடுத்த வருடம் பார்க்கலாம்."

என்ன ஆயிற்று என்று தலைமையாசிரியை வராந்தாவில் கேட்டார். கரண்ட் கோளாறு என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள். அந்த வார்த்தை வரவில்லை. "வீட்டில் ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை" என்றாள். அந்த அம்மாள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கணவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். கூடத்து நடுவில் ஒரு புது அட்டைப்பெட்டி. அவர் முகத்தில் தேர்வு எழுதி முடித்த பையனின் களை.

"பழசை விடப் பெருசு, ஆயிரம் வாட்! நாலு கடை ஏறி இறங்கினேன், தெரியுமா? நானே பின்னாடி நம்பரெல்லாம் படிச்சுப் பாத்துதான் வாங்கினேன்."

"எதை மாட்டறதுக்கு?"

அவர் கீபோர்டைத் திரும்பிப் பார்த்தார். ரிப்பேர்க் கடையில் காட்டலாம் என்றார். நினைவுச் சில்லும் வெந்திருக்கும் என்று அவள் சொன்னாள். புதுசே வாங்கிவிடலாம் என்றார். பதினொரு பாட்டையும் எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்புதான்மா. உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னுதான் சொல்லல. சத்தியமா அவ்வளவுதான்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அவரெதிரே உட்கார்ந்தாள். பதினாறு வருடத்து நல்ல சொற்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றன. 'ஒண்ணுமில்ல', 'எல்லாம் சரியாயிருக்கு', 'நான் பாத்துக்கறேன்'. கோபமே வராத மனிதரின் சொற்கள். அவற்றுக்குள் எது பெட்டி, எது வெறும் வெள்ளைக் கட்டை என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நான் டென்ஷன் ஆவேன்னு வேற என்னெல்லாம் சொல்லாம இருக்கீங்க?"

இல்லை என்று அவர் உடனே சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் அவளும் நினைத்தாள். அவரோ அட்டைப்பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். கீழே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கிப் போகும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

"சொல்லுங்க" என்றாள். "இப்ப எனக்குக் காய்ச்சல் இல்ல."