லோரிக்கு ஆள் கிடைத்த வாரம்

என்னோடு சேர்ந்து ஆண்டவரை நம்பும் சொந்தங்களே, போன வருடம் ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டில் பொங்கிய சோறு யாருக்கும் இறங்கவில்லை. மகள் ஏஞ்சலின் பள்ளிப் படிப்பின் கடைசியான ஆறாம் படிவத்தில் நல்ல தேர்ச்சிதான். ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று பதில் வந்துவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு தனியார் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். பாதிக் கட்டணத்தை உதவித்தொகையாகத் தருகிறோம், மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்டுங்கள் என்றார்கள். பாதி! எனக்குத் தலைகால் புரியவில்லை. மீதிக்கு எங்களிடம் இருந்தது ஒரே சொத்து. எங்கள் ஊர் ஈஜோக்கில் சின்னத் தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் என் கணவரின் லோரி. அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு.

"புள்ளைக்கு ஆகாத லோரி எதுக்கு? வித்துடுவோம்" என்றார் அவர். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

நான் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, லோரிக்கு ஒரு ஆளை அனுப்பும்" என்று அழுதேன். செவ்வாய்க்கிழமையே ஆள் வந்துவிட்டார்! புக்கிட் பெருந்துங் என்ற ஊரிலிருந்து ஒருவர். கேட்ட விலையைத் தருகிறேன், வியாழன் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் சாட்சி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்தேன். கர்த்தர் லோரியை விற்றுக்கொடுத்தார் என்று கண்ணீரோடு சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ரீத்தா அக்கா மட்டும் சொல்லவில்லை. எங்கள் சபையில் மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவர் அவர்.

"ஸ்தோத்திரம் இருக்கட்டும் தங்கச்சி. இந்த செமஸ்டருக்கு லோரி. அடுத்த செமஸ்டருக்கு எத விக்கப் போற?"

எனக்குச் சுரீரென்றது. "பாதி அவங்களே தர்றாங்க லா அக்கா!"

"எதுல பாதி? எத்தன வருஷத்துக்கு? ஹாஸ்டலுக்கும் உண்டா? கேட்டியா? எங்க பெரியவனுக்கும் இப்படித்தான் குடுத்தாங்க. முத செமஸ்டரோட நின்னுபோச்சு. கட்ட முடியாம படிப்ப விட்டுட்டான்." சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது.

கல்லூரிக்காரர்களிடம் நான் எதையும் கேட்டிருக்கவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். துருவிக் கேட்டால் கொடுப்பதையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு.

மறுநாள் காலையில் ஏஞ்சலினே கல்லூரிக்குப் போன் போட்டாள். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். பாதி என்பது பாடக் கட்டணத்தில் மட்டும். அதுவும் முதல் செமஸ்டருக்கு. பிறகு மதிப்பெண்ணைப் பொறுத்தது. விடுதிக்கும் பதிவுக்கும் தனி. போனை வைத்துவிட்டு என் மடியில் விழுந்து அழுதாள். "விக்க வேணாம்மா. நான் பாதியில நின்னா அப்பா மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

லோரி வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். கைக்கு வந்ததை விட்டுவிட்டாய் என்று என் கணவர் என்னோடு பேசவில்லை.

ரீத்தா அக்கா எங்களை விடவில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒருமுறை இல்லை என்றாலும் மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னதே அவர்தான். அப்படி ஒரு வழி இருப்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏஞ்சலின் விண்ணப்பித்தாள். என் ஜெபமும் மாறியது. இன்னதைத் தாரும் என்று கேட்பதை நிறுத்தினேன். "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை ஆண்டவரே, புத்தியைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

பதில் வந்தது. வடக்கே ஒரு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம். அவள் முதலில் கேட்ட பாடம் இல்லைதான். ஆனால் கட்டணம் எங்களால் தாங்கக்கூடியது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவித்தொகையும் கிடைத்தது. திருப்பிக் கட்ட வேண்டுமா, எதுவரை வரும், எப்போது நிற்கும் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போட்டோம். என் கணவர் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

பிள்ளைக்கு இடம் தேடி அலையும் அப்பா அம்மாமாரே, முழங்காலில் நின்று கர்த்தரிடம் கேளுங்கள். எழுந்து போய் மனிதரிடமும் கேளுங்கள். அவருடைய பதில் சில நேரம் கசப்பாக, சபை நடுவில், ஒரு அக்காவின் வாயிலிருந்து வரும். தள்ளிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பதிவு நாளில் பெற்றோரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். விளக்கம் முடிந்ததும், கேள்வி ஏதும் உண்டா என்றார் அதிகாரி. சபையில் ஜெபிக்கக்கூட வாய் திறக்காத என் கணவர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். இந்தக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும், அடுத்த செமஸ்டருக்கு என்ன வரும் என்று தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் கேட்டார்.

"ஐயோ, அப்பா..." ஏஞ்சலின் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் உட்காருவதற்குள் பின்வரிசையில் இன்னொரு அப்பா கையைத் தூக்கினார். அப்புறம் ஒரு அம்மா. நான் வாய்விட்டே ஸ்தோத்திரம் சொன்னேன்.