சிங்கத்துக்கு அப்பா தந்த தோல்

முப்பதுகளின் தொடக்கம். வேலூரில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தேன். அந்த விடுதியின் கேழ்வரகுக் கஞ்சி வாசனை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை.

ஆண்டு விழாவுக்காக எங்கள் வெள்ளைக்கார டீச்சர் ஒரு லண்டன் பத்திரிகைப் படத்தைக் காட்டினார். நல்லவர்தான், காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார். படத்தில் இங்கிலாந்து தேசமாக இரும்புத் தொப்பி போட்ட சீமாட்டி, பக்கத்தில் சிங்கம். காலடியில் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக, கன்னங்கரேலென்று ஓர் உருவம் கும்பிட்டுக் கிடந்தது. அதுதான் இந்தியாவாம்! எங்கள் வகுப்பில் யாருக்கும் அப்படி ஒரு முகம் இல்லை. அதை மேடையில் அப்படியே அசையாமல் நின்று காட்ட வேண்டும். சீமாட்டி என் தோழி. இந்தியா நான்.

சிங்கத்துக்குத் தோல் வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோலை ரயிலேறிக் கொண்டுவந்தார்.

"எம் பொண்ணு சிங்கமா நடிக்குதுன்னு ஷாப் பூரா சொல்லிட்டேன்" என்றார். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விழா அன்று முகமெல்லாம் அடுப்புக்கரி, உதட்டைச் சுற்றி அகலமாகச் சிவப்புச் சாயம். திரை விலகியது. கடைசி வரிசையில் அப்பா, வெளுத்த வேட்டியில், சிங்கத்தைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தார். தோல் நாற்றம் தாங்காத சிங்கம் அந்த நேரம் பார்த்துத் தும்மித் தலையை வெளியே நீட்டியது. வேறு பெண்! எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் எழுந்து நின்று மேடை முழுக்கத் தேடினார். அவர் பார்வை என்மேல் பட்டும் நிற்காமல் போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அசையக் கூடாத சீமாட்டி குனிந்தாள். "எழுந்திரிடி, உங்கப்பா தேடுறாரு." என்னைத் தூக்கி நிறுத்தி, தன் வெள்ளை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்பா கண்டுகொண்டு கையை உயர்த்தினார்.

டீச்சர் திட்டவில்லை. அந்தப் படத்தை அதன்பிறகு நாங்கள் பார்க்கவேயில்லை.

"நான் சிங்கம் இல்லப்பா" என்றேன் வெளியே வந்ததும்.

"சிங்கம் இன்னாத்துக்கும்மா? உம் மூஞ்சி தெரிஞ்சுதே, போதும்" என்றார்.

இன்றும் பழைய பத்திரிகைகளில் அப்படியொரு படத்தைப் பார்த்தால், அந்தக் கரிக்குள் இருக்கும் பிள்ளையை எந்த அப்பா தேடிக்கொண்டிருக்கிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.