பொதுவாக நம்பிக்கையோடு இருக்கிறார்களாம்

இன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பஸ்ஸில் நானும் மனைவி ஸ்டெல்லாவும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பாட்டு இல்லை. கெடார் நிலத்தை விற்ற பணம் முழுவதையும் ஒரு கம்பெனி ஷேரில் போட்டிருக்கிறோம். அந்தக் கம்பெனிக்காரர்கள் காலாண்டுக் கணக்கைப் பற்றி போனில் பேசுகிறார்கள்.

"லாபம் குறைந்திருக்கிறது" என்றார் எம்.டி. ஸ்டெல்லா அசையவில்லை.

"சில சவால்கள் உண்டு. பொதுவாக நம்பிக்கையோடு இருக்கிறோம்" என்றார். அவள் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

"கொறஞ்சிச்சின்னா கூட தாங்கிக்கலாங்க. போன தடவ புது ஆலைய 'இந்த வருஷமே ஓட்டுவோம்'னாரு. இப்ப 'நம்பிக்கையோட இருக்கறோம்'ங்கறாரு."

யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் கேள்வியையே கேட்டார்: "புது ஆலை இந்த வருஷம் ஓடுமா, ஓடாதா?"

கூட்டேரிப்பட்டு வந்தது. சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாங்க சொன்னாரு? விக்கிறதா, வச்சிக்கினு இருக்கறதா? ஜல்தியா சொல்லுங்க, மார்க்கெட் மூடிடப் போவுது!"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? மார்க்கெட் மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பதிவைத் தேடிப் பிடித்து அந்தப் பதிலைக் கேட்டேன்.

"மிக நல்ல கேள்வி. சூழ்நிலையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்."

அவ்வளவுதான். சிக்னல் போனதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஸ்டெல்லா இன்னும் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. விற்பதா, வைத்திருப்பதா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், "நல்ல கேள்வி" என்று மட்டும் கமென்ட் போட்டுவிடாதீர்கள்.