பதினோரு குழாய் ரத்தம்

எங்கள் பேராசிரியருக்கு நோயாளிகளைக் கண்டால் ஆகாது. அவர்களுடைய ரத்தம் என்றால் உயிர். வார்டுக்குள் நுழையும்போது அவர் முகக்கவசம் போட்டுக்கொள்வார். கிருமிக்குப் பயந்து என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். மீன் வாசனைக்காக என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானே அந்த வாசனையில் பிறந்தவள்.

துறைமுகத்தை ஒட்டி இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அவரிடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். செப்சிஸ் பற்றிய ஆராய்ச்சி. கிருமி ரத்தத்தில் இறங்கியதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடிக்கக் கிளம்புகிறது. சிலருக்கு அந்த அடி தாறுமாறாகிப் போய், சொந்தச் சிறுநீரகத்தையும் நுரையீரலையுமே அடித்துப் போட்டுவிடுகிறது. எந்த நேரத்தில் அழற்சி ஏறுகிறது, எந்த நேரத்தில் எதிர்ப்புச் சக்தி களைத்து விழுகிறது என்று கண்டுபிடிக்க, மணி பார்த்து ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, உறைய வைத்து, அளக்க வேண்டும். நல்ல வேலை அது. அந்த மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டது அதன் துரதிர்ஷ்டம்.

என்னை வேலைக்கு எடுத்தது என் பட்டத்துக்காக இல்லை. நேர்முகத் தேர்வில் எந்த ஏரியா என்று கேட்டார். துறைமுகத்துக்குப் பக்கம், கல்மண்டபம் என்றேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "நல்லதாப் போச்சு. இந்த ஜனங்ககிட்ட இவங்க பாஷையில பேசிக் கையெழுத்து வாங்க ஒரு ஆள் வேணும்" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்த நானும் இந்த ஜனங்களில் ஒருத்தி என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. ஆனாலும் வேலை கிடைத்த சந்தோஷத்தில் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் வருடம், ஒரு நாள் மத்தியானம், மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். இரண்டு நாள் முன்னால் கெளுத்தி முள் வலது கை சுண்டுவிரலில் ஏறியிருக்கிறது. அவர் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். அன்று காலை குளிர் ஜுரம். வந்தபோது முழங்கை வரை சிவந்து வீங்கியிருந்தது. விரல் நிறம் மாறியிருந்தது. மூச்சு வேகமாக வாங்கியது.

பேராசிரியர் கட்டில் பக்கம் வராமல், கதவருகில் நின்றபடியே, "நல்ல கேஸ். சீக்கிரம் கையெழுத்து வாங்கு" என்றார்.

கூட வந்திருந்த மகளிடம் படிவத்தை நீட்டினேன். துணிக்கடையில் வேலை செய்யும் பெண். அழுதுகொண்டே கேட்டாள். "இன்னாத்துக்குக்கா இது?"

"அம்மா ரத்தத்த எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்கம்மா. ஒடம்புக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்க."

"தெரிஞ்சா எங்கம்மாவ காப்பாத்திருவாங்களா?"

அந்த ஆராய்ச்சியால் அவளுடைய அம்மாவுக்கு நேரடியாக ஒரு பயனும் இல்லை என்று படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான், "நல்லதுக்குத்தான்ம்மா, போடு" என்றேன். என் பேச்சைக் கேட்டு, நம்ம ஏரியாதானே என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் குழாய்களை எடுத்தேன். ஆறு மணி நேரம் கழித்து, சாயந்திரம், மறுபடி எடுத்தேன். ஆராய்ச்சிக்கென்று வார்டு மூலையில் ஒரு சின்ன இயந்திரம் வாங்கி வைத்திருந்தோம். ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று சில நிமிடத்தில் சொல்லிவிடும். திசுக்களுக்குப் பிராணவாயு சரியாகப் போகவில்லை என்றால் அது ஏறும். வார்டு டாக்டர்கள் அதே பரிசோதனைக்குக் கீழ்த் தளத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் எண்களை அவர்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் வைத்தியம் மாறும், வைத்தியம் மாறினால் ஆராய்ச்சியின் முடிவு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். விதியில் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்தச் சாயந்திரம் எண், மத்தியானம் இருந்ததைப் போல இரண்டு மடங்காக நின்றது. கட்டிலைப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணைத் திறந்து, "தண்ணி குடும்மே" என்றார். ரத்த அழுத்தம் அதுவரை பெரிதாக விழவில்லை. அதனால் யாரும் பதறவில்லை. இயந்திரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பணியில் இருந்த இளம் பெண் டாக்டரிடம் போய் எண்ணைச் சொன்னேன். எங்கள் கோப்பிலும் இன்ன நேரத்தில் இன்னாரிடம் சொன்னேன் என்று எழுதி வைத்தேன்.

அந்த டாக்டர் பெண் எண் எப்படி வந்தது என்று விசாரிக்கவில்லை. அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட்டாள், மருந்தை மாற்றினாள், உப்பு நீர் டிரிப்ஸை வேகமாக ஓட விட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் கையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. ஆள் பிழைத்தார்.

மறுநாள் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீ யாரு? டாக்டரா?"

"இல்ல சார்."

"உன்னால ஒரு கேஸ் கெட்டுப் போச்சு."

"கேஸ் பொழச்சிருச்சு சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் காபி குடித்தார். நான் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரை முழுதாக வெறுக்க எனக்கு அந்த ஒரு மிடறு போதுமாக இருந்தது. ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் கேவலம். விதியை மீறியதற்காக ஒரு மணி நேரம் திட்டியவர், கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, டாக்டரிடம் எண்ணைச் சொன்னதே இல்லாதது போலப் புதிதாக எழுதச் சொன்னார். உண்மை கோப்பில் இருந்தால் அந்த அம்மாவை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். அவ்வளவு அழகாக ஏறி இறங்கிய வரைபடத்தைக் கைவிட அவருக்கு மனசு வரவில்லை. நான் புதிதாக எழுதிக் கொடுத்தேன். ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வருடம் நகரத்தின் தென் கோடியில் ஒரு பெரிய ஓட்டலில் மருத்துவ மாநாடு. பிழைத்த நோயாளி ஒருவரை மேடையேற்றினால் நன்றாக இருக்கும் என்று பேராசிரியருக்கு யோசனை. அந்த அம்மாவை அழைத்துவர என்னை அனுப்பினார். "நல்ல புடவையா கட்டிக்கிட்டு வரச் சொல்லு" என்றார். கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டி, இரண்டு மணி நேரம் காரில் போனோம். அவர் ஊதா நிறப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

திரையில் அவருடைய அழற்சியின் வரைபடம் மலை போல ஏறி இறங்கியது. பேராசிரியர் ஆங்கிலத்தில் முழங்கினார். பிறகு அந்த அம்மாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து, "நாலு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தார்.

அந்த அம்மா ஒலிவாங்கியை இடது கையில் வாங்கினார். "பதினோரு குயா ரத்தம் எடுத்தீங்க. எம்பொண்ணு எண்ணிக்கினே இருந்தா. அதுல இன்னா கீதுன்னு ஒர்த்தரும் எனுக்குச் சொல்லல. தோ, பின்னால படம் கூட போட்டுகினு கீறீங்க. அது இன்னாது? அது யாரோட மலை?"

அரங்கம் சிரித்தது. கேள்விக்காக இல்லை, பாஷைக்காக. சினிமாவில் ரவுடி பேசும்போது சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. கோட்டுப் போட்ட, வெளிநாட்டில் படித்த, ஒரு காய்ச்சல் வந்தால் அறிக்கையின் ஒவ்வொரு வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கூட்டம். தன் ரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒரு மனுஷி கேட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தமிழ் தெரியாத விருந்தினர் ஒருவர் என்ன சொன்னார் என்று கேட்க, பேராசிரியர் ஆங்கிலத்தில், தன் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார் என்றார். கை தட்டினார்கள்.

மேடை ஓரத்தில் நான் நின்றிருந்தேன். இரண்டு மொழியும் தெரிந்தவள். வாயைத் திறக்கவில்லை.

திரும்பும்போது காரில் அந்த அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, அவருடைய எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று விரலால் ஒரு வஞ்சிரத்தைப் பிடித்திருந்தார். பிடி முன்னைப் போல் இல்லை. இரண்டு முறை வழுக்கியது. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். கிருமி, எதிர்ப்புச் சக்தி, அது எப்படி எல்லை தாண்டியது, மலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது. அந்தச் சாயந்திர எண்ணையும், பக்கத்தை மாற்றி எழுதியதையும் சொன்னேன்.

அவர் முழுதும் கேட்டார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்போ நீ சொல்லலைன்னா நான் பூட்டிருப்பேன்."

"தெரியாதுக்கா. இருக்கலாம்."

"அதுக்கு உனுக்குக் கோயில் கட்டணுமா? ஒரு தபா சரியா பண்ணே. அப்பால பயந்துகினு மாத்தி எழுதிக் குட்த்தே. அன்னிக்கு மேடைல அத்தினி பேரும் இளிச்சாங்க, நீ சொம்மா நின்னுகினு இருந்தே. அந்தப் பெரிய டாக்டரு, அவன் வேற ஏரியா. உனுக்கு இன்னாமே கேடு?"

பக்கத்துக் கடைப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பேராசிரியர் மேல் நான் வைத்திருந்த அத்தனை இளக்காரமும் எங்கேயோ போய், அவர்கள் பார்வை வழியாக என் மேலேயே வந்து விழுந்தது. அது நியாயம்தான்.

அன்றே ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பக்கம் மாற்றப்பட்டது, மாற்றியது நான், மாற்றச் சொன்னது பேராசிரியர் என்று. குழுவில் மூன்று பேர் அவருடைய நண்பர்கள். விசாரணை என்று இரண்டு முறை கூப்பிட்டு, இரண்டு முறையும் டீ கொடுத்தார்கள். கடைசியில் அந்த அம்மாவின் எண்களை மட்டும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். எழுதும்போது கவனக்குறைவு என்று என் பெயரில் ஒரு வரி. பேராசிரியருக்குப் பதவி உயர்வு வந்தது. அவருக்கு மாலை போட்டவர்களின் வரிசையில் அந்த மூன்று பேரும் நின்றதைப் படத்தில் பார்த்தேன். ஒருவர்கூட நேராகக் கேமராவைப் பார்க்கவில்லை.

நான் வேலையை விட்டுவிட்டேன். இப்போது திருவொற்றியூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஆராய்ச்சி இல்லை. சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின். பழைய வேலையை நினைக்காத நாள் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு இன்னும் விடை வேண்டும். ஆனால் அந்தக் கதவருகில் நின்றபடியே ஆராய்ச்சி செய்யும் மனிதர்களுக்குக் கீழே இனி முடியாது.

போன மாதம் அந்த அம்மா சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வந்தார். நான் இருப்பது தெரிந்து வந்தாரா என்று கேட்கவில்லை. அறிக்கையைக் கையில் வாங்கி, தலைகீழாக ஒரு முறை பார்த்து, நேராகத் திருப்பி, முதல் எண் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா?"

சொன்னேன்.

"இது?"

அதையும் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "கம்முனு இரு. உன் டேர்ன் வரசொல்லோ நீயும் கேளு" என்றார். பத்தொன்பது வரியும் முடிந்த பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.