துரை அலமாரியில் அம்மைமார்

ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தக்கலையில் பஸ் ஏறினேன். குலசேகரத்துக்குப் பத்து மைல், டிக்கெட் எட்டுச் சக்கரக் காசு. அங்கிருந்து மலையோரம் முழுக்க ரப்பர். பார்க்காதவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். எனக்கோ அது எங்கள் கோயிலில் கைவைத்தவரின் தோட்டம்.

எங்கள் ஊரில் பிள்ளையுண்டான பெண்கள் ஒரு சாண் உயர மண்பாவை ஒன்றை அம்மன் கோயிலில் வைப்பார்கள். நேர்ச்சை. பிள்ளை பிறக்கும்வரை புருஷன் கண்ணில் அது படக்கூடாது. யாரும் எடுக்கவும் கூடாது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனபின், இப்போது ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் என் மனைவியும் வைத்தாள். காரில் வந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பங்களாவுக்கு இரண்டு மைல் ஏற்றம். இதற்குள் வலி கண்டிருக்குமோ என்று வழியெல்லாம் பயம். உள்ளே நுழைந்ததும், மனைவியின் பாவை கண்ணில் படாதபடி, பாவைகள் அடுக்கிய அலமாரிக்கு முதுகு காட்டி நின்றேன்.

"என்னவோய், செவத்தப் பாத்து நிக்கேரு?" துரையின் சமையற்காரர் சிரித்தார். "இதுல பாதி கிரேக்க தேசத்துத் தேவிமாராக்கும். ரெண்டாயிரம் வருசம் முன்ன அங்கத்தப் பொம்பளைமாரு கோயில்ல நேர்ந்து வச்சது. மண்ணத் தோண்டி எடுத்தாவளாம்."

"அப்ப நேர்ச்சைன்னு தெரிஞ்சேதான் எங்களதையும் எடுத்தாரா?"

"தெரியாமலா! கேப்பாரில்லாம கெடந்துன்னு சொல்லுகாரு."

கேட்பாரில்லையா! நான் போட்ட கூச்சலில் துரையே வந்தார். உங்களுடையதை எடுத்துக்கொள் என்றாராம், சமையற்காரர் தமிழில் சொன்னார். பார்க்கக்கூடாததை எப்படி எடுப்பேன்? "அவருக்க தேவிமார அவரு பொறுக்கட்டு" என்றேன். தொல்லை தீர்ந்தால் போதுமென்று, மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் பொறுக்கினாராம். மீதியைச் சமையற்காரர் ஓலைக்கடவத்தில் வைத்துத் துணியால் மூடித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "கடவத்துல என்னவே, கருப்பட்டியா?" என்றார்.

"தெய்வம்."

"அப்ப அவியளுக்கும் டிக்கெட் எடும்."

சிரிக்க முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் நான் திரும்பி நிற்க, மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில் வெறுங்கடவத்தைத் தடவும் சத்தம் கேட்டது.

"இனி நீங்க பாக்கலாம்," என்றாள். "என்னது இதுல இல்ல."

அவள் கையில், மார்போடு புறாவை அணைத்த மண்பாவை ஒருத்தி. "நம்ம ஊருல ஆரு புறாவோட நேருவா?"

கண்ணாடி போடாத துரை மாற்றிப் பொறுக்கிவிட்டார். "குடு, அந்தாளு மூஞ்சில எறிஞ்சிட்டு வாறேன்."

"எறிவேளா? நீங்க சொன்னதுபோல, இவளும் எவளோ ஒருத்தி வயித்துக்கு நேர்ந்தவதானே." தன் பாவை இருந்த இடத்தில் அவளை நிறுத்தினாள். "என்னது வரட்டு. அதுவர இவ இங்கன இருக்கட்டு."

நாளைக்கும் அதே பஸ். துரை தன் தேவியைக் கேட்பார். கேட்கட்டும். என் மனைவியின் பாவை கடவத்தில் ஏறிய பிறகு பதில் சொல்கிறேன்.